டேக்கார்ட் கண்ட நெறி

கணக்கொன்றைக் கையிலேந்தி, எங்கே தொடங்குவது, எவ்வழிச் செல்வது என்று அறியாது திகைத்து நில்லாத மாணவர் நம்முள் எவரும் இலர். பக்கத்தே இருக்கும் தோழன் இரண்டு வரியில் விடை கண்டு எழுதுகோலைக் கீழே வைக்கின்றான். நாமோ தாளை நோக்கியவாறே இருக்கின்றோம். அவனுக்கு இயற்கையிலேயே அறிவு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை என்று எண்ணி மனஞ் சோர்கின்றோம். கணக்கில் மட்டுமா இந்நிலை? வீட்டிற் பொருள் முட்டுப்பட்டபோதும், நண்பர் இருவர் பகைத்தபோதும், மேற்கொண்டு எதனைக் கற்பது என்று துணிய வேண்டியபோதும் இதே திகைப்பு நம்மை வந்து பற்றுகின்றது. சிக்கலை அவிழ்க்குந் திறம் பிறவியிலே சிலர்க்கு மட்டும் அமைந்த பேறோ, அன்றிப் பயின்று அடையத்தக்க ஒரு தொழிலோ என்பது நாம் ஒவ்வொருவரும் ஆராய்ந்து விடை காணவேண்டிய வினாவாகும். பயின்று அடையத்தக்கதே எனத் துணிந்து, அத்துணிவைத் தம் வாழ்நாள் முழுதும் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் பிரெஞ்சு நாட்டிலே தோன்றினார். அவரே ரெனே டேக்கார்ட் என்னும் பேரறிஞர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1596-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள், தூரேன் நாட்டுப் பகுதியிலுள்ள லா ஏ என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. தந்தையார் பிரிட்டனிப் பகுதியின் உயர்நீதி மன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிச் சின்னாளில் தாயார் இறந்தனர். பாட்டியாரின் அரவணைப்பிலே குழந்தை வளர்ந்தது. வறட்டிருமலும் வெளிறிய முகமும் இளமை தொட்டே அவரைப் பற்றி நின்றன. இப்பிள்ளை நெடுநாள் வாழாதென்றே மருத்துவர் பலரும் கூறினர். வாழ்வின் முதற் சிக்கல் அவர்க்குத் தம் உடம்பாகவே வந்து அமைந்தது எனலாம்.

பத்து வயதளவில் அவர் லா பிளேஷ் என்னும் ஊரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியிற் சேர்க்கப்பெற்றார். நான்காம் ஹென்றி மன்னர் தம் அரண்மனையொன்றையே அளித்து நிறுவச் செய்த கல்லூரி அது. உடல்நலங் குன்றிய மாணவர் என்பது கருதி, விடியலில் எழும் விதியினின்று அவர்க்கு மட்டும் விலக்களித்தனர். ஏனைய மாணவர் காலையில் எழுந்து ஓடுங்கால், அவர் படுக்கையிற் சாய்ந்தவாறே சிந்தனையில் ஆழ்ந்திருப்பார். இவ்வழக்கத்தை அவர் தம் இறுதிக் காலம் வரையிற் கைவிடவில்லை. கைவிட நேர்ந்தபோது உயிரே நீங்கிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

கல்லூரியில் அவர் மொழி, வரலாறு, செய்யுள், மெய்ப்பொருளியல் என அனைத்தையும் கற்றார். ஆயினும் கணிதம் ஒன்றே அவர் உள்ளத்தை முற்றும் கவர்ந்தது. மற்றத் துறைகளில் ஆசிரியர் ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுப்பர். கணிதத்திலோ ஒரு முறை நிறுவப்பட்டது என்றும் நிற்கும். இத்துணை உறுதியான அடிப்படையின்மீது இதுகாறும் எவரும் உயர்ந்த கட்டடம் எழுப்பாதது ஏன் என்று அவர் வியந்தார். அக்காலத்தே அவர் மேற்கொண்ட பழக்கமொன்று மாணவராகிய நாம் குறித்துக்கொள்ளத் தக்கது. புதிய கண்டுபிடிப்பொன்றைக் கூறும் நூல் கையிற் கிடைத்தால், அதனைப் படிக்குமுன், தலைப்பை மட்டும் அறிந்துகொண்டு, அதனைத் தாமே காண இயலுமோ என்று முயன்று பார்ப்பார். நாமோ தேர்வு நெருங்குங்கால், நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விடையை முதலிற் கண்டு, பின்னரே கணக்கைத் தொடங்குகின்றோம். அவர் பழக்கத்திற்கும் நம் பழக்கத்திற்கும் உள்ள வேற்றுமை இது.

1616-ஆம் ஆண்டு புவாத்தியேப் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டத்துறையிற் பட்டம் பெற்றார். எனினும் வழக்குரைஞராக அமர விரும்பாது, உலகமென்னும் பெருநூலைக் கற்கப் புறப்பட்டார். 1618-இல் ஹாலந்து சென்று, இளவரசர் மோரீசின் படையிற் சேர்ந்தார். பிரெடா நகரில் ஒருநாள், தெருவில் ஒட்டியிருந்த அறிக்கையில் கணக்கொன்று டச்சு மொழியில் எழுதப்பட்டிருந்ததாகவும், அதனைப் பெயர்த்துச் சொல்லுமாறு அருகில் நின்றவரை டேக்கார்ட் வேண்டியதாகவும், அவ்வாறே இருவரும் நண்பராயினர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் அவர் ஐசக் பேக்மன் என்னும் அறிஞரைச் சந்தித்தது உண்மை. உறங்கிக் கிடந்த அவர்தம் கணித ஆர்வத்தை எழுப்பியவர் அந்நண்பரே. நல்ல துணையொன்று வாய்ப்பதும் சிக்கலை அவிழ்ப்பதற்கு வேண்டும் கருவிகளுள் ஒன்று என்பது இதனாற் புலனாகும்.

சரியாக ஓராண்டு கழித்து, 1619-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாளிரவு, ஜெர்மனி நாட்டிலே, கணப்பினாற் சூடேற்றிய அறையொன்றில் அவர் தனித்திருந்தார். வெளியே கடுங்குளிர், பேசுவார் எவருமிலர். அறிவுத்துறைகள் யாவும் ஒரே நெறியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்திற் பளிச்சிட்டது. அவ்விரவு அவர் மூன்று கனவுகள் கண்டார். தம் வாழ்வின் பணி இஃதெனக் கடவுள் காட்டியதாகவே அவற்றை அவர் கொண்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்து மூன்று.

அந்நெறியை எழுத்தில் அமைக்க அவர் தொடங்கிய முதற் பெருநூல், அறிவைச் செலுத்தும் விதிகளைப் பற்றியது. பன்னிரண்டு விதிகள் கொண்ட மூன்று பகுதிகளாக, மொத்தம் முப்பத்தாறு விதிகள் எழுதக் கருதினார். இருபத்தொன்றோடு அது நின்றுபோயிற்று. அவர் இறந்து பல்லாண்டு கழிந்த பின்னரே அச்சேறியது. ஆயினும் அந்நூலுட் பொதிந்துள்ள கருத்துக்கள் விலைமதிப்பற்றவை. நெறியின்றி உண்மையைத் தேடுபவரை, வழிப்போக்கர் எவரேனும் பொன்னைத் தவறவிட்டிருப்பரோ என்று தெருத்தெருவாய் அலைபவர்க்கு அவர் ஒப்பிடுகின்றார். அத்தகையோர்க்குச் சிற்சில வேளைகளிற் பொன் கிட்டலாம். அது நற்பேறேயன்றித் திறமையன்று. இன்னும், அறிவைக் கூர்மைப்படுத்த விரும்புவோர் எடுத்த எடுப்பிலே கடினமானவற்றிற் புகாது, எளிய தொழில்களை உற்று நோக்குக என்கின்றார். துணி நெய்வோரும் பூவேலை செய்வோரும் நூலிழைகளை எண்ணிறந்த வகையிற் கோத்தாலும், ஒவ்வோரிழையும் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டே செல்கின்றது. எண்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்களும் அத்தகையனவே. ஒழுங்கைக் கண்டுகொள்ளும் கண் இவற்றால் நாளடைவிற் பழகும் என்பது அவர் கருத்து. சிக்கலை அவிழ்க்கும் கலையைக் கற்கத் தறியின் முன்னே சென்று நிற்கச் சொன்ன அறிஞர் இவர்.

1628-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஹாலந்திற் குடியேறினார். இருபதாண்டிற்கு மேல் அந்நாட்டிலேயே, அடிக்கடி இல்லம் மாற்றிக்கொண்டு, தனிமையை நாடி வாழ்ந்தார். உலகின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலொன்று 1633-இல் முடிவுறும் நிலையில் இருந்தது. அவ்வாண்டிலேதான் பூமி சுழல்கின்றது என்று எழுதிய கலிலியோ உரோமையிற் கண்டனத்துக்கு ஆளானார். அச்செய்தி கேட்டவுடன் டேக்கார்ட் தம் நூலை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். இதனை அச்சம் என்பாருமுளர். திருச்சபையின்பால் அவர் கொண்ட பணிவு என்பாருமுளர். நான்காண்டு கழிந்து, 1637-இல், நெறியைப் பற்றிய அவர்தம் புகழ்பெற்ற உரைநூல் லெய்டன் நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அறிஞர் யாவரும் இலத்தீனில் எழுதிய அக்காலத்தே, அவர் அதனைத் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சிலே எழுதினார். பள்ளியிற் பயிலாதாரும் பெண்டிரும் படித்து அறிதல் வேண்டும் என்பது அவர் எண்ணம். தாய்மொழியைச் சிறப்பாகப் பயிலும் நமக்கு இச்செய்தி இன்பந் தருவதொன்று.

அந்நூலில் அவர் நான்கே விதிகளைக் கூறினார். ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக விளங்கினாலன்றி எதனையும் உண்மையெனக் கொள்ளற்க என்பது முதல் விதி. சிக்கலை இயன்றவரை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்க என்பது இரண்டாவது. எளிதினின்று தொடங்கிப் படிப்படியாக அரியதற்கு ஏறுக என்பது மூன்றாவது. எதுவும் விடுபடவில்லை என உறுதி பெறுமாறு முழுவதையும் மீள எண்ணிச் சரிபார்க்க என்பது நான்காவது.

இவற்றை அன்றாட வாழ்விற் பொருத்திப் பார்ப்போம். விடுதியொன்றில் திங்கள் முடிவிற் கணக்குப் பார்க்குங்கால் நாற்பது ரூபாய் குறைகின்றது என வைத்துக்கொள்வோம். சமையற்காரர் எடுத்திருப்பார் என்று ஒருவன் உடனே கூறுகின்றான், மற்றவரும் தலையசைக்கின்றனர். முதல் விதி அவ்விடத்தே நம் வாயைப் பொத்துகின்றது. அவர் எடுத்ததைக் கண்டவர் யார்? இரண்டாம் விதியின்படி அரிசி, காய்கறி, பால், விறகு எனச் செலவைத் தனித்தனியே பிரிக்கின்றோம். மூன்றாம் விதியின்படி, அளந்து வாங்கிய அரிசியினின்று தொடங்கி, நாள்தோறும் மாறும் காய்கறிக் கணக்கிற்குச் செல்கின்றோம். நான்காம் விதியின்படி எல்லாவற்றையும் மீளக் கூட்டுகின்றோம். பால்காரருக்கு இடையிற் கொடுத்த நாற்பது ரூபாயைக் குறித்துவைக்க மறந்தது அப்பொழுது வெளிப்படுகின்றது. விதிகள் நான்கும் கணக்கை மட்டுமா நேராக்கின? குற்றமற்ற ஓர் ஏழையின் பெயரையும் காத்தன அல்லவா? அவசரத்தாற் பிறக்கும் பிழை தாளில் நிகழ்ந்தால் மதிப்பெண் குறையும். வாழ்வில் நிகழ்ந்தால் பிறர் நெஞ்சு புண்படும்.

நெறியின் ஆற்றலைக் காட்டும் பொருட்டு அவ்வுரைநூலோடு மூன்று நூல்களை அவர் இணைத்தார். அவற்றுள் ஒன்று வடிவ கணிதம் பற்றியது. இன்று நாம் அறியாத எண்ணை எக்ஸ், ஒய், இசட் என்னும் இறுதி எழுத்துக்களாலும், அறிந்த எண்ணை ஏ, பி, சி என்னும் முதலெழுத்துக்களாலும் குறிப்பது அவர் காட்டிய வழக்கமே. இதனுள் ஆழ்ந்த கருத்தொன்று உளது. சிக்கலைக் கண்டு அஞ்சாது, அது தீர்ந்துவிட்டதாகவே முதலில் வைத்துக்கொள்க. அறியாததற்கு ஒரு பெயரிடுக. பின்னர் அறிந்ததற்கும் அறியாததற்கும் உள்ள உறவை எழுதுக என்பதே அது. ஒருவன் தன் கையிலிருந்த பணத்திற் பாதியைத் தாய்க்கும், மூன்றிலொரு பங்கைத் தமக்கைக்கும் கொடுத்தபின் ஐந்து ரூபாய் எஞ்சியது என்போம். முதலில் இருந்தது எவ்வளவு? அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டு, அதன் பாதியும் மூன்றிலொன்றும் ஐந்தும் சேர்ந்தால் எக்ஸ் ஆகும் என்று எழுதுகின்றோம். ஐந்து ரூபாய் ஆறிலொரு பங்காதலின் விடை முப்பது எனத் தானே வெளிப்படுகின்றது. பெயரற்ற இருள் அச்சுறுத்தும்; பெயரிட்டழைத்தவுடன் அது நம்மோடு உரையாடத் தொடங்கும்.

அவர்க்கு முன்னோர், இரண்டு கோடுகளைப் பெருக்கினாற் பரப்பும், மூன்றைப் பெருக்கினாற் கன அளவும் பிறக்கும் என்றே கருதினர். ஆதலின் கோட்டையும் பரப்பையும் கூட்டுதல் பொருந்தாதென ஒதுக்கினர். டேக்கார்ட் அலகுக் கோடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒத்த முக்கோணங்களின் துணையால், இரு கோடுகளின் பெருக்கலையும் ஒரு கோடாகவே காட்டினார். அத்தடை அகன்றவுடன் வடிவ கணிதமும் இயற்கணிதமும் கைகோத்தன. வளைவரை ஒவ்வொன்றையும் சமன்பாடாக எழுத வழி பிறந்தது. பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞரும் அக்காலத்தே தனித்து இவ்வழியைக் கண்டனர். நான்காம் நூற்றாண்டினரான பாப்பஸ் என்னும் கிரேக்கர் குறித்துவைத்த சிக்கலொன்று முன்னோரால் முழுதும் தீர்க்கப்படாது கிடந்தது. பல கோடுகளினின்று ஒரு புள்ளிக்குள்ள தொலைவுகள் குறித்தவாறு பொருந்தவேண்டுமாயின் அப்புள்ளி செல்லும் பாதை யாது என்பது அது. டேக்கார்ட் அதற்கு விடை காண ஐந்தாறு வாரங்கள் உழைத்தார். பேரறிஞர்க்கே வாரங்கள் பல வேண்டியிருந்தன எனின், அரை நாழிகையில் விடை வாராததற்கு நாம் வருந்துவது தகுமோ?

நிற்க. கணக்குக் காத்திருக்கும், வாழ்க்கை காத்திராது. தெளிவாக விளங்கும் வரையில் எதனையும் ஏற்கேன் என்று ஒருவன் இருப்பானாயின், அவன் உண்பது எங்ஙனம்? தொழில் செய்வது எங்ஙனம்? இவ்விடரை டேக்கார்ட் நன்கு உணர்ந்திருந்தார். வீட்டை இடித்துக் கட்டுகின்றவன், கட்டி முடியுமளவும் தங்குதற்கு வேறோர் இல்லம் தேடிக்கொள்ளுதல்போல, அறிவு முதிரும் வரையில் வாழ்தற்குச் சில ஒழுக்கங்களை அவர் வகுத்துக்கொண்டார். நாட்டின் சட்டத்தையும் இளமையிற் பெற்ற சமயத்தையும் போற்றுதல்; எதிலும் மிகையை நீக்கி நடுநிலையைக் கொள்ளுதல்; ஒருமுறை துணிந்தபின் தளராது நிற்றல்; ஊழை வெல்ல முயல்வதினும் தன்னை வெல்ல முயலுதல் என்பன அவை. துணிவைப் பற்றி அவர் காட்டும் உவமை மறத்தற்கரியது. காட்டிடை வழி தவறியவன் இங்குமங்கும் திரிதலும் ஆகாது; ஓரிடத்தே நிற்றலும் ஆகாது. ஒரு திசையைக் கொண்டு நேரே நடப்பானாயின், கருதிய ஊரை அடையாவிடினும் காட்டின் நடுவே கிடந்து மடிதலினும் நல்லதோர் இடத்தையேனும் அடைவான். ஐயத்தையே நெறியாகக் கொண்டவர், செயலில் ஐயுறாது நடக்கச் சொன்னது முரண்போலத் தோன்றினும் முரணன்று. ஆராய்ச்சிக்கு ஓரளவு, செயலுக்கு ஓரளவு என இரண்டையும் பிரித்தறிந்ததே அவர் பெருமை.

இவ்வொழுக்கங்கள் தீயிலிட்டுச் சோதிக்கப்படும் காலமும் வந்தது. ஹெலினா என்னும் பணிப்பெண்ணிடத்து அவர்க்கு 1635-இல் பிரான்சின் என்னும் பெண்மகவு பிறந்திருந்தது. 1640-இல் அக்குழந்தை செம்புள்ளிக் காய்ச்சலால் இறந்தது. வயது ஐந்து. அதனினும் பெருந்துயர் அவர் வாழ்வில் நேர்ந்ததில்லை என அவர் வரலாற்றை எழுதினோர் குறிப்பர். சில திங்கள் கழித்து, உடன்பிறந்தாரை இழந்த நண்பர் ஒருவர்க்கு அவர் மடல் எழுதினார். கண்ணீர் பெண்டிர்க்கே உரியது என எண்ணுவாருள் தாம் ஒருவரல்லர் என்று அதில் அவர் வெளிப்படக் கூறினார். நெறி என்பது கல்நெஞ்சன்று. அழவேண்டியவிடத்து அழுது, பின் எழுந்து நடத்தலே நெறி.

1643-ஆம் ஆண்டு முதல் அவரோடு மடல்வழி உரையாடியவர் எலிசபெத்து என்னும் இளவரசியார். அரசிழந்த தந்தையின் மகளாய், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். அப்பொழுது வயது இருபத்து நான்கு. உடம்பற்ற உயிர் உடம்பை இயக்குவது எங்ஙனம் என்று முதன் மடலிலேயே வினவி, ஆசிரியரைத் தடுமாறச் செய்தவர் அவர். மூன்று வட்டங்களையும் தொட்டு நிற்கும் நான்காவது வட்டத்தைக் காணும் பழைய கணக்கொன்றை டேக்கார்ட் அவர்க்கு அளித்தார். ஒத்த முக்கோணம், செங்கோண முக்கோணம் என்னும் இரண்டு உண்மைகளே போதும்; அறியாதவை பலவாயினும் அஞ்சாது பெயரிடுக என்பது அவர் அறிவுரை. இளவரசியார் கண்ட வழி தம் நூலின் வழியையே ஒத்திருந்தது கண்டு அவர் பெரிதும் மகிழ்ந்தார்.

1645-இல் இளவரசியார் இடையறாக் காய்ச்சலாலும் இருமலாலும் வாடினார். அதன் வேர் மனத்துயரே எனக் கண்ட டேக்கார்ட், தம் இளமையை எடுத்துக்காட்டினார். மருத்துவரால் கைவிடப்பட்ட தாம், நிகழ்வன எவற்றையும் அவற்றின் நல்ல பக்கத்தினின்று நோக்கப் பழகியதனால் அந்நோய் மெல்ல நீங்கிற்று என எழுதினார். இளவரசியார் அதனை அப்படியே ஏற்கவில்லை. சிந்திக்கும் ஆற்றலையே பறிக்கும் நோய்களும் உளவே. அவற்றால் வருந்துவோர்க்கு அறிவு எங்ஙனம் துணையாகும் என்று கேட்டார். டேக்கார்ட் அக்கூற்றின் உண்மையை ஒப்புக்கொண்டார். மாணவியார் காட்டிய எல்லையை ஆசிரியர் ஏற்றுக்கொண்ட இவ்விடத்தே அவர் நம் கண்ணுக்கு மிக உயர்ந்து தோன்றுகின்றார்.

ஆயினும் எல்லாவிடத்தும் அவர் தம் விதியைத் தாமே பின்பற்றினார் என்பதற்கில்லை. 1644-இல் வெளியிட்ட நூலில், பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு ஏழு விதிகள் கூறினார். அவற்றுட் பெரும்பாலன பிழையாயின. அசையாது நிற்கும் பெரிய பொருளை, அதனிற் சிறியது எத்துணை விரைவாக வந்து மோதினும் அசைக்கமாட்டாது என்பது அவற்றுள் ஒன்று. கோலிக்குண்டு ஆடும் சிறுவனும் அதனை மறுப்பான். காட்சி மாறுபடுதற்குச் சூழ்ந்துள்ள பிற பொருள்களே காரணம் என்று அமைதி கூறினாரேயன்றி, அவர் தம் விதிகளைத் திருத்தினாரல்லர். ஹைகென்ஸ் என்னும் டச்சு அறிஞர் பின்னர் அவற்றைத் திருத்தினார். சரிபார்த்தல் என்னும் நான்காம் விதியை வகுத்தவரே அதனைத் தளரவிட்டார் எனின், நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

1649-இல் சுவீடன் நாட்டு அரசியார் கிறிஸ்தினா அவரைத் தம் அவைக்கு அழைத்தனர். நெடிது தயங்கியபின் அவர் சென்றார். விடியற்காலை ஐந்து மணிக்கே அரசியார்க்குப் பாடஞ் சொல்ல வேண்டியதாயிற்று. வடநாட்டுக் கடுங்குளிரில், வாழ்நாள் முழுதும் காலையிற் படுக்கையிற் சாய்ந்து சிந்தித்தவர், இருளிலே எழுந்து அரண்மனைக்குச் சென்றார். சில வாரங்களிலே நுரையீரல் அழற்சி கண்டு, 1650-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. 1666-இல் அவர் எலும்புகள் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

எல்லாச் சிக்கல்களையும் தீர்க்கும் ஒரே திறவுகோலை அவர் தேடினார்; அது கிட்டவில்லை. ஆனால் தேடிய வழியிலே பல கதவுகள் திறந்தன. ஏறக்குறைய முந்நூறாண்டு கழித்து, 1945-இல், கணக்கைத் தீர்க்கும் வகை பற்றி ஜார்ஜ் போல்யா என்னும் ஹங்கேரி நாட்டுக் கணித ஆசிரியர் எழுதிய நூலில் டேக்கார்ட்டுக்குத் தனியிடம் அளித்துள்ளார். அந்நூலை இன்றும் மாணவர் உலகெங்கும் படிக்கின்றனர்.

தோழர்காள்! அடுத்த முறை விளங்காத கணக்கொன்று நம்முன் வந்து நிற்கும்போது, கடைசிப் பக்கத்தைப் புரட்டும் கையைச் சற்றே நிறுத்துவோம். அறியாததற்கு ஒரு பெயரிடுவோம், பகுப்போம், எளிதினின்று தொடங்குவோம், முடித்தபின் சரிபார்ப்போம். பிறர்மீது பழி கூற நாவெழும்போது, தெளிவாகக் கண்டோமா என்று ஒரு கணம் நம்மை நாமே வினவுவோம். காட்டிடை வழி தெரியாவிடினும் நில்லாது நேரே நடப்போம். தாயற்று, நோயுற்று, நெடுநாள் வாழான் எனக் கைவிடப்பட்ட சிறுவனொருவன் இந்நெறியாலே உலகிற்கு ஆசிரியனாயினான் என்பதனை நினைவிற் கொண்டு, நாமும் ஊக்கங் குன்றாது உழைப்போமாக.